குளுமைக்கார ஆவுடைத்தாயும் நடுங்க மறந்த தனுஷ்கோடியும்

ஆவுடைத்தாய்க்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு நோய்தான் தெரியும். அதன் பெயர் சூடு. தலை வலித்தால் சூடு, பல் வலித்தால் சூடு, கைப்பிள்ளை அழுதால் சூடு, பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டியை ஏசினால் அதுவும் சூடு. சாத்தூர் போகிற பஸ் ஒருநாள் நடுவழியில் புகைவிட்டு நின்றபோது எல்லோரும் டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்க, இவள் இறங்கிப் போய் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நெனச்சேன்” என்றாள். அந்த ஒரு தடவை அவள் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற சாலையில் அவளுடைய கீற்றுக் கொட்டகை இருந்தது. ஒரு பக்கம் பட்டாசுக் கம்பெனி, மறுபக்கம் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ், நடுவில் இவள். நீர்மோர், பானகம், கம்பங்கூழ், சீசனில் நுங்கு. மத்தியானம் சங்கு ஊதியதும் பட்டாசுக் கம்பெனி ஆட்கள் முகமெல்லாம் அலுமினியப் பொடி மினுமினுக்க வந்து நிற்பார்கள். கேட்டவுடன் யாருக்கும் அவள் சொம்பைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். முதலில் மணிக்கட்டைப் பிடிப்பாள். பிறகு கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஒரு பெருமூச்சு.

“ஏறிக் கெடக்குலே. ரெண்டு சொம்பு குடி.”

ஒரு சொம்பு குடித்தால் போதும் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. வியாபாரத் தந்திரம் என்று ஊரில் சிலர் பேசினார்கள். தந்திரமாக இருந்திருந்தால் தேவலை, பேசித் திருத்தியிருக்கலாம். அவள் அதை முழு மனசாக நம்பினாள். நாலு பேர் குடித்துவிட்டுக் காசில்லை என்று சொன்னாலும், குடித்தார்களே என்று சந்தோஷப்படுகிற ஆள்.

அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்த புருஷன் தனுஷ்கோடி. பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் பார்க்கிறவன். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. மார்கழி மாசம் ஊரே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அலையும்போதும் இவனுக்கு முதுகில் வியர்வை ஓடும். கல்யாணத்தன்றைக்குத் தாலி கட்டக் குனிந்தவனின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை ஆவுடைத்தாயின் கழுத்தில் விழுந்தது. இந்த ஆளைக் குளிர வைக்கத்தான் கடவுள் தன்னைப் படைத்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதிலிருந்து தனுஷ்கோடியின் வாழ்க்கை வெந்தயத்தில்தான் விடியும். வெறும் வயிற்றில் ஊறவைத்த வெந்தயம், புதனும் சனியும் எண்ணெய்க் குளியல், படுக்கும்போது உள்ளங்காலில் விளக்கெண்ணெய். கோழி கிடையாது, மாம்பழம் கிடையாது, கத்திரிக்காயைக் கண்ணால் பார்க்கலாம். வெயில் காலத்தில் முற்றத்தில் தண்ணீர் தெளித்து, ஈரப் பாயை விரித்து அதில் அவனைப் படுக்க வைத்துவிட்டு இவள் உள்ளே தனியாகப் படுப்பாள். ஒரே பாயில் ரெண்டு பேர் படுத்தால் சூடு கூடுமாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு, பிரஸ்ஸில் தன்னோடு வேலை செய்கிற ராஜசிங்கின் வீட்டில் அவன் ஒளிந்து கோழிக்குழம்பு தின்றுவிட்டு வந்தாலும், காது மடலைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

“எத்தனை துண்டு தின்னீக?”

“ரெண்டு.”

“காது பொய் சொல்லாது. எத்தனை?”

“அஞ்சு.”

இவ்வளவையும் தனுஷ்கோடி ஏன் பொறுத்துக்கொண்டான் என்று ராஜசிங்குக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. கேட்டே விட்டான். தனுஷ்கோடி கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பாள், அது நன்றாக இருக்கும் என்றான். அதற்காக வெந்தயமா என்று ராஜசிங் கேட்டான். அதற்காக வேப்பெண்ணெய் கூடக் குடிக்கலாம் என்றான் தனுஷ்கோடி.

இவர்கள் இருவரும் இப்படி ஒருவருக்கொருவர் ஏற்ற பைத்தியங்களாக இருந்து வந்த காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருஷம், அக்கினி நட்சத்திரத்தின் நட்ட நடுவில் அந்த விபத்து நடந்தது.

கட்டிங் மிஷினின் கத்தியைச் சாணைக்கு அனுப்புவதற்காகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் நீளத்துக்கு இருக்கும் இரும்புக் கத்தி. கழற்றுகிறபோது ஒரு பக்கத்து மரையாணி வழுக்கிவிட்டது. கத்தி சரிந்து வந்து தனுஷ்கோடியின் தொடையில் இறங்கியது. ராஜசிங் போட்ட கூப்பாடு நாரணாபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். கூப்பாடு போட்ட கையோடு அவன் செய்த காரியம் ஒன்று உண்டு. இடுப்பிலிருந்த வேட்டியை உருவி, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கினான். அன்றைக்கு அந்த வட்டாரத்தில் யாராவது உருப்படியாக ஏதாவது செய்தார்கள் என்றால் அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் பட்டாசு ஊரின் பழக்கதோஷம். அந்தப் பக்கத்தில் ஒரு கட்டிடத்திலிருந்து கூப்பாடு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் கேள்வி கேட்கவில்லை. வாசலில் எப்போதும் நிறைத்து வைத்திருக்கும் பீப்பாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டுகொண்டு சுவரேறிக் குதித்து வந்தார்கள். தரையில் ஒரு ஆள் கிடக்கிறான் என்று கண்டதும் ஊற்றினார்கள். முதலில் ஊற்றுவது, அப்புறம் என்னவென்று பார்ப்பது. அதுதான் அங்கே முறை, எத்தனையோ பேரை அந்த முறை காப்பாற்றியும் இருக்கிறது. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் போனவர்கள் ஊற்றியது தெரியாது, அவர்களும் ஊற்றினார்கள். ஒருவன் மணல் வாளியோடு வந்தான். அரை நிர்வாணமாக நின்றிருந்த ராஜசிங் அவன் மேல் பாய்ந்து வாளியைப் பிடுங்கினான்.

“ஏலே, தீயெல்லாம் இல்லலே. வெட்டுக்காயம்.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு, கையில் மிச்சம் இருந்த தண்ணீரையும் வீணாக்காமல் ஊற்றிவிட்டு நின்றான் இன்னொருவன்.

அப்போது ஆவுடைத்தாய் வந்தாள். இடுப்பில் மோர்ப்பானை. கொட்டகையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ரத்தத்தைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்தாள். அழுதுகொண்டே உட்கார்ந்து புருஷனின் கையைப் பிடித்தாள். அவன் உடம்பு முழுக்க உதறிக்கொண்டிருந்தது. பல்லோடு பல் அடித்தது. நனைந்து, ரத்தம் போய், வெளுத்து, நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனைப் பார்த்து வேறு யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்களோ தெரியாது. ஆவுடைத்தாய் நினைத்தது இதுதான்.

“அம்புட்டுச் சூடும் உள்ள போயிருச்சு. அதேன் இந்த நடுக்கம்.”

பானையைத் தூக்கி உச்சந்தலையில் கவிழ்த்தாள். கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் எல்லாமாகச் சேர்ந்து தனுஷ்கோடியின் முகத்தில் வழிந்தது.

முதலாளி விருதுநகர்ச் சாலையிலிருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கேதான் அறுவை செய்கிற டாக்டர் இருந்தார். பிரஸ் வாசலில் விருதுநகருக்குப் போக லோடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. கலர் விலகி வீணாய்ப்போன காலண்டர் தாள்கள், கட்டுக் கட்டாக. அந்தக் கட்டுகளின் மேலேயே தனுஷ்கோடியைக் கிடத்தினார்கள். ராஜசிங் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஆவுடைத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நெஞ்சில் போட்டாள். காற்று நன்றாகப் படட்டும் என்று டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள். அது போதாதென்று பனையோலை விசிறி வேறு.

திருத்தங்கல் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் நடுக்கம் குறைந்தது. அப்புறம் நின்றே விட்டது. தனுஷ்கோடி அமைதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். ஆவுடைத்தாய்க்கு உயிர் வந்தது.

“பாத்தியா தம்பி, அடங்கிருச்சு” என்றாள் ராஜசிங்கிடம். “நாந் தொட்டு எறங்காத சூடு ஒண்ணு இருக்கா.”

“ஆமா மைனி” என்றான் ராஜசிங். அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேவமணி அவனைத் தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். நாசரேத்துப் பக்கத்துப் பெண், நெடுநெடுவென்று உயரம், சிரிப்பதற்குக் கூடக் காரணம் கேட்பாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். பாதரசம் குழியை விட்டு எழும்பவே இல்லை. கண்ணாடி கெட்டுவிட்டது என்று நினைத்து உதறித் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகக் காட்டியது. திரும்ப அவனுக்கு வைத்தாள். அதே இடத்தில் கிடந்தது.

டாக்டர் சேசுராஜ் வந்தார். நோயாளியின் புருவத்திலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். இத்தனை வருஷ சர்வீஸில் தாளித்துக் கொண்டுவரப்பட்ட கேஸ் அவருக்கு இதுதான் முதல்.

“யார் இவர் மேல மோர ஊத்துனது?”

“நாந்தேன்” என்றாள் ஆவுடைத்தாய், கொஞ்சம் பெருமையாகவே. “ஒரே நடுக்கமா இருந்துச்சுங்க. ஊத்துனேன், வர்ற வழியில நின்னுருச்சு.”

டாக்டர் அவளைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே தையல் போடக் கிளம்பிப் போய்விட்டார். சொல்ல வேண்டியதைத் தேவமணி சொன்னாள்.

“அம்மா, ரத்தம் போனா ஒடம்புல சூடும் கூடவே போகும். சூட்ட உண்டாக்கத்தான் ஒடம்பு நடுங்கும். இவரு நடுக்கம் நின்னது நல்லா ஆனதால இல்ல. நடுங்கவும் தெம்பு இல்லாமப் போயி நின்னுருக்கு. இப்படியே குளுந்து கெடந்தா ரத்தம் ஒறையாது. டாக்டர் எம்புட்டுத் தச்சாலும் ஒழுகிக்கிட்டே இருக்கும்.”

“அப்ப இவுகளுக்குச் சூடு…”

“இல்ல. அதான் வியாதி.”

ஆவுடைத்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருஷமாக அவள் எதை விரட்டிக்கொண்டிருந்தாளோ அது கடைசியில் போய்விட்டது. போகும்போது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது. தன் கையாலேயே பானையைக் கவிழ்த்ததும், விசிறியதும், வேகமாகப் போகச் சொன்னதும் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன. ஆனால் அவள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை. எழுந்தாள்.

“என்ன செய்யணும் சொல்லுங்க நர்சம்மா. தீ வளக்கணுமா?”

“மொதல்ல ஈரத்துணிய அவுக்கணும்.”

தையல் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பைத் துடைத்து உலர்த்தினார்கள். ராஜசிங்கின் ரத்தம் பொருந்தியதால் அவனைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து எடுத்தார்கள். முதலாளி மகன் வேட்டி ஒன்று கொடுத்திருந்தபடியால் அவன் மானமாகப் படுத்திருந்தான். அப்புறம் கம்பளி. அக்கினி நட்சத்திரத்தில் விருதுநகர்ச் சாலையில் கம்பளிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் மொத்தமே இரண்டுதான். ஒன்று அன்று காலையில் பிள்ளை பெற்றவள் மேல் கிடந்தது. மிச்சமிருந்த ஒன்றைப் போர்த்தினார்கள். தனுஷ்கோடியின் உயரத்துக்கு அது முழங்காலோடு நின்றுகொண்டது. சலைன் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னாள் தேவமணி. சமையல்கட்டில் போய் அடுப்பை ஊதி வெந்நீர் போட்டவள் யாரென்று கேட்கிறீர்கள், காப்பியைக்கூட ஆறவைத்தே குடிக்கிற நம்ம ஆவுடைத்தாய்தான். கண்ணெல்லாம் புகை, முகமெல்லாம் கரி.

“இன்னும் வேணும்” என்றாள் தேவமணி. “காகிதம் இருந்தாக்கூடப் போதும். ஒண்ணு மேல ஒண்ணா சுத்தினா நடுவுல காத்து நின்னு சூட்ட வெளிய விடாது.”

ராஜசிங் படுத்த வாக்கிலேயே வாசலைக் கைகாட்டினான். லாரி நிறையக் காகிதம்.

கட்டுகள் உள்ளே வந்தன. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பிரித்த முதல் கட்டில் லட்சுமி. கலர் விலகியதில் உதட்டுச் சிவப்பு மோவாயில் இருந்தது, ஆனாலும் லட்சுமி லட்சுமிதான். தேவமணி நாலைந்து தாளை உருவி நோயாளியின் காலில் சுற்றப் போனாள். மறுபக்கத்துக் கட்டிலில் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த மொக்கைச்சாமி பதறிவிட்டார்.

“ஏம்மா, மகாலச்சுமியக் கொண்டு காலுலயா சுத்துறீக? மனுசன் பொழைக்கணுமா வேணாமா?”

வார்டு முழுக்க அதை ஆமோதித்தது. எழுந்து உட்கார முடியாதவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள். தேவமணிக்கு எந்தத் தாளும் ஒன்றுதான், ஆனால் இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. சரி, சாமியெல்லாம் நெஞ்சுக்கு மேலே, காலுக்கு வேறு ஏதாவது என்று தீர்மானமாயிற்று. ராஜசிங் இன்னொரு கட்டைப் பிரிக்கச் சொன்னான். இயற்கைக் காட்சி. யார் மனசும் புண்படாது. உருவி எடுத்துச் சுற்றப்போகும் நேரத்தில் ஆவுடைத்தாய் குறுக்கே விழுந்தாள்.

“வேணாம் வேணாம். பாருங்க இத.”

அது ஏதோ வெளிநாட்டு மலை. அடி முதல் உச்சி வரைக்கும் வெள்ளை வெளேரென்று பனி.

“படம்தானம்மா” என்றாள் தேவமணி.

“படமா இருந்தா என்ன. ஐஸைக் கொண்டு காலுல சுத்த நாஞ் சம்மதிக்க மாட்டேன்.”

மூன்றாவது கட்டில் கைலாசம். அதுவும் பனி. போதாக்குறைக்கு அந்த நேரத்தில் கைலாசம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மொக்கைச்சாமி காதைப் பொத்திக்கொண்டார். நாலாவது கட்டில் ஒரு சேவல். கொண்டை நீலத்தில் இருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவுடைத்தாய் யோசித்தாள்.

“கோழி சூடுதான?”

“ரொம்பச் சூடு மைனி” என்றான் ராஜசிங். “ஒங்களுக்குத் தெரியாததா.”

அப்படியாக இருபது வருஷமாகத் வீட்டில் தனுஷ்கோடியின் இலையில் விழாத கோழி, அவன் இரண்டு காலிலும் தாள் தாளாக ஏறியது. நெஞ்சுக்கு ஏழு குதிரைத் தேரில் வருகிற சூரிய பகவானை ஆவுடைத்தாயே தேடி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி. தலையில் ராஜசிங்கின் துண்டு. கட்டி முடித்தபோது அவன் தீபாவளிக்கு அனுப்ப வைத்த பார்சல் மாதிரி இருந்தான். யாரும் சிரிக்கவில்லை. அவன் உதடு இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

தேவமணி மறுபடியும் தெர்மாமீட்டர் வைத்தாள். பாதரசம் அசையவில்லை.

“ஆளு சூடு மாதிரி எதுவும் வராது” என்றாள் மெதுவாக. “யாராவது கூடப் படுத்துக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா நல்லது.”

யாராவது என்றால் யார்? ராஜசிங் ரத்தம் கொடுத்துவிட்டு மயக்கமாகக் கிடந்தான். எல்லோரும் ஆவுடைத்தாயைப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டு மறுக்கப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் கவலையே வேறு.

“நான் படுக்கேன் நர்சம்மா. ஆனா எனக்குக் குளுந்த ஒடம்பு. இத்தனை வருசமா அப்படிப் பண்ணி வச்சுருக்கேன். நாம் போயி ஒட்டிக்கிட்டு இன்னுங் குளுந்து போயிட்டாகன்னா?”

தேவமணி தெர்மாமீட்டரைக் கழுவி அவள் நாக்குக்கு அடியில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு.”

“அப்படின்னா?”

“எல்லாரும் மாதிரிதான். எனக்கும் அதுதான், டாக்டருக்கும் அதுதான், வாசல்ல நிக்கிற லாரி டிரைவருக்கும் அதுதான்.”

வெந்தயமும் விளக்கெண்ணெயும் இருபது வருஷமும் அந்த ஒரு வார்த்தையில் போயின. வேறொரு நாளாக இருந்திருந்தால் ஆவுடைத்தாய் அந்தக் கண்ணாடிக் குச்சியை உடைத்தே இருப்பாள். அன்றைக்கு அவள் இரண்டு கையையும் கூப்பி மேலே பார்த்துக் கும்பிட்டாள். தன் உடம்பில் சூடு இருக்கிறது என்று ஒருவர் சொல்லி அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

கட்டிலில் ஏறினாள். தேவமணி கம்பளியையும் காகிதத்தையும் விலக்கி வழிவிட, உள்ளே நுழைந்து, காயம்பட்ட காலில் படாமல் அவனைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அத்தனை ஆம்பளைகள் இருக்கிற வார்டில், பட்டப்பகலில். மொக்கைச்சாமி மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒடிந்த இடுப்போடு திரும்புவது லேசான காரியமில்லை, முனகிக்கொண்டே திரும்பினார்.

அவன் உடம்பு அவளுக்குத் தெரிந்த உடம்பாகவே இல்லை. கிணற்றடிக் கல் மாதிரி இருந்தது. கோடையில் தொட்டால் சுடுகிறது என்று தள்ளித் தள்ளிப் படுக்கவைத்த மனுஷன் எங்கே போனான் என்று அவள் தேடினாள். அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவனுக்குக் கேட்டதோ என்னவோ, மெதுவாகப் பேசினாள்.

“கோழியடிச்சுத் தாரேன். அஞ்சு துண்டு இல்ல, அம்புட்டும் தின்னுங்க. இனிமே முத்தத்துல படுக்க வேணாம். எம்புட்டு வேக்குதோ வேக்கட்டும். நடுங்குங்க. ஒரு தடவ நடுங்கிருங்க, போதும்.”

பாட்டில் வெந்நீர் ஆறியது, மாற்றினார்கள். ராஜசிங்கின் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரையில் நீண்டது. மே மாச வெயில், கம்பளிக்குள்ளே படுத்திருந்த ஆவுடைத்தாய்க்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை எடுக்கவில்லை. பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. இந்த ஆள் போய்விட்டால் சாயங்காலம் யார் நெற்றியில் கையை வைப்பேன் என்று நினைத்தபோது வாய்விட்டே அழுதாள்.

முதலில் அவன் மோவாய் அசைந்தது. அவள் தன்னுடைய நெஞ்சடிப்பு என்று நினைத்தாள். பிறகு ஒரு பல் இன்னொரு பல்லில் தட்டியது. தோள் ஒரு தடவை உலுக்கியது. பிறகு மொத்த உடம்பும் தொடங்கிவிட்டது. சூரிய பகவான் சலசலத்தார், லட்சுமி சலசலத்தாள், காலில் சேவல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன, இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடித் தரையில் நகர்ந்தது.

“நர்சம்மா” என்று கத்தினாள் ஆவுடைத்தாய், கூடச் சேர்ந்து ஆடிக்கொண்டே. “நடுங்குதாக, நர்சம்மா, நடுங்குதாக.”

தேவமணி ஓடி வந்து பார்த்தாள். காரணம் கிடைத்துவிட்டது, சிரித்தாள். மொக்கைச்சாமி சுவரைப் பார்த்தபடியே, “நல்லா நடுங்கட்டும், நல்லா நடுங்கட்டும்” என்று ஆசீர்வாதம் பண்ணினார். கட்டில் அடுத்த கட்டிலில் போய் இடிக்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த தடவை தெர்மாமீட்டரை வைத்தபோது பாதரசம் குழியை விட்டு மேலே ஏறி நின்றது. உள்ளே கட்டுத்துணியில் ரத்தம் ஊறுவது நின்றிருந்தது.

மறுநாள் காலையில் தனுஷ்கோடி கண்ணைத் திறந்தான். உடம்பு முழுக்க ஒட்டியிருந்த காலண்டர் மசியில் அவன் பச்சையும் சிவப்புமாக இருந்தான். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாயைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ஏளா, மோர ஊத்துன பாரு” என்றான், குரல் உள்ளே கிடந்தது. “அது மட்டும் இல்லாட்டி நான் சூட்டுலயே போயிருப்பேன்.”

ஆவுடைத்தாய் அவனையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இந்த ஆள் சாகிறவரைக்கும் அதை நம்பிக்கொண்டு திரிவான், ஊரெல்லாம் சொல்லுவான். அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

“இல்லங்க” என்றாள். “ஒங்களுக்குச் சூடே இல்ல. ரத்தம் போயிக் குளுந்து கெடந்தீக. அது தெரியாம நாந்தேன் மோர ஊத்தி, விசிறி, இன்னுங் குளுர வச்சேன். எங் கையாலயே ஒங்களக் கொன்னுருப்பேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தனுஷ்கோடி கையை மெதுவாக நீட்டி அவள் நெற்றியில் வைத்தான். அவள் விசும்பினாள். அவன் கையை எடுக்கவில்லை.

“வாயில ரெண்டு மடக்கு எறங்குச்சு” என்றான். “உப்புப் பத்தல.”

ஆவுடைத்தாயின் மோரில் உப்புப் பற்றவில்லை என்று அதற்கு முன்னால் சொன்னவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆமா, கொஞ்சங் கம்மிதேன்” என்றாள்.